வெளுப்பு என்பது நிறம் இல்லை

நவம்பர் 18, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. முதுநகர் ஸ்டேஷன் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். குடைக் கம்பி உடைந்தது.

ஜெனிக்கு மறுபடி இருமல். ஒன்றே முக்கால் வயதுக்குள், ஆடி மாதத்திலிருந்து எண்ணினால் இது மூன்றாவது தடவை. முதல் தடவை, பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டாவது தடவை, தண்ணீர் மாறிவிட்டது. இந்தத் தடவை என்ன காரணம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

"கண்ணு பட்டுடுச்சு எஸ்தரு. நேத்து அந்தக் காடாம்புலியூர் சித்தி வீடியோ கால்ல பாத்து, வெள்ளக்காரி மாதிரி இருக்காடின்னு வாயப் பொளந்துச்சு இல்ல? அதான்."

சொன்னது லூர்து அண்ணி. என் வீட்டுக்காரர் அருளுக்கு அக்கா, எங்கள் மகள் ஜெனிக்கு அத்தை, இந்த வீட்டுக்கு கலெக்டர். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்து பதினோரு வருடம். நான் லேபுக்கும் அருள் கம்பெனி ஷிப்டுக்கும் போனால் ஜெனி அவர் இடுப்பில்தான். அவர் இல்லையென்றால் நான் வேலைக்கே போக முடியாது. அது அவருக்கும் தெரியும்.

செய்ய வேண்டியது: குடை. அருளின் யூனிபாரம் காயவில்லை, இஸ்திரி போட்டே காயவைக்க. லேப் மெஷின் அடம், சர்வீஸ்காரருக்கு போன். இருமல் சிரப்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டது. இருமல் விடவில்லை.

கிளினிக். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். "க்ளைமேட்டும்மா. எல்லாக் கொழந்தைக்கும் இருக்குது." ரத்தம் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். "புஷ்டியா இருக்கா, என்னத்துக்கு?"

புஷ்டிதான். பன்னிரண்டரை கிலோ. தராசில் ஏற்றினால் எல்லாருக்கும் சந்தோஷம். கன்னம் உப்பல், தொடையில் மடிப்பு. ஆனால் நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். சுவரைச் சுரண்டி வாயில் வைக்கிறாள். "தூக்கி வெச்சுக்கணும் அவளுக்கு, ராணி" என்கிறார் அண்ணி.

டாக்டரிடம் நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். இதை மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி, சிதம்பரம்

காலையில் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் எண்ணினேன். ஐம்பத்தாறு. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தெட்டு. இந்த வயதில் நாற்பதைத் தாண்டக் கூடாது.

கிளினிக்கில் விரலில் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் தொண்ணூற்று மூன்று. இன்றைக்கு டாக்டர் நிமிர்ந்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அருள் பாண்டி என்றார். நான் சிதம்பரம் என்றேன். "பாண்டிய விட்டுட்டு எதுக்கு அவ்ளோ தூரம்?" நான் லேப் படிப்பு படித்த ஊர். அங்கே யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இனிமேல் கேட்காமல் வரமாட்டேன். அதைச் சொல்லவில்லை, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டு அண்ணன் ஓட்டினார். லூர்து அண்ணி பின்சீட்டில். மடியில் பிளாஸ்க், மூன்று பால் பாட்டில்.

குழந்தைகள் வார்டு, ஆறாவது கட்டில். நிமோனியா. முகத்தில் நெபுலைசர் மாஸ்க், அதைப் பிடுங்கி எறிய ஒரு போர். பக்கத்துக் கட்டில் லால்பேட்டைக்காரர்கள். அந்தப் பையனுக்கும் சளி. அவன் அம்மா எனக்குப் பாதி பன் கொடுத்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 22, சனி

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் வருவதற்கு முன் நானே வாங்கிப் படித்தேன்.

ஹெச்.பி. 7.2. பதினொன்றாவது இருக்க வேண்டும்.
எம்.சி.வி. 58. சிவப்பணுக்கள் சுருங்கிக் கிடக்கின்றன.

மூன்று தடவை படித்தேன். வேறு யாருடைய குழந்தையாக இருந்தாலும், எங்கள் லேபில் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றவர்களுக்கு உடனே போன் செய்திருப்பேன். கட்டிலுக்கு வந்து ஜெனியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம். இட்லி நிறத்தில் இருந்தது.

தினமும் ஐம்பது பேர் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான். என் பிள்ளையின் கண்ணை ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், யாரும் படிக்கப் போவதில்லை. பிறந்தபோது ஜெனி நல்ல மாநிறம். ஒரு வயதுக்கு மேல் வெளுத்துக்கொண்டே வந்தாள். நிறம் ஏறுகிறது என்றார்கள். அத்தை கைராசி என்றார்கள். நானும் நம்பினேன். நம்பினேன் என்ன, ரசித்தேன். கறுப்பாக வளர்ந்தவள் நான். பள்ளியில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். மகளுக்கு அது வராது என்று எனக்குள் ஒரு இனிப்பு.

ஆறு மாதத்தில் நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து சொட்டு மருந்து, பல் கறுத்துவிடும் என்று ப்ரிட்ஜ் கதவிலேயே காலாவதியானது. வைத்தது அண்ணி இல்லை. நான்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முதல் தடவையாக அண்ணியும் போகவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது, பெரிய கண்ணாடி. ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அண்ணி பெருமையாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நானும் மனதுக்குள் எழுதினேன்.

காலை 6 - பால்
8 - டீயில் தொட்ட பிஸ்கட்
10 - பால்
1 - ரசம் சோறு இரண்டு வாய், அழுதால் பால்
4 - பால், பிஸ்கட்
7 - பால்
படுக்கும்போது - பால்

"பச்சத் தண்ணி கலக்க மாட்டேன் டாக்டர். கறந்து வர்ற பாலு. என் கையாலயே காச்சுறேன்."

"பால் தப்பில்லம்மா. இவ்ளோ பால்தான் ஜாஸ்தி. வயிறு அதுலயே ரொம்பிடுது, சோறு எறங்க மாட்டேங்குது. பால்ல இரும்புச்சத்து இல்லாத மாதிரிதான். டீ வேற, இருக்குற இரும்பையும் ஒடம்புல சேர விடாது."

நான் கேட்டேன், சளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று. தெரிந்துதான் கேட்டேன், அண்ணி காதில் விழ வேண்டும் என்று.

"ரத்தம் கொறஞ்சா எல்லாருக்கும் நிமோனியா வந்துடும்னு சொல்ல மாட்டேன். புகை இருக்குது, கூட்டம் இருக்குது. ஆனா கிருமியோட சண்ட போடுற ஒடம்புக்கு இரும்பு வேணும். அது இல்லன்னா அடிக்கடி வரும், வந்தா சீக்கிரம் போவாது. அப்புறம் ஒவ்வொரு சளிக்கும் சாப்பாடு நின்னுடும், ரத்தம் இன்னும் எறங்கும். சுத்திக்கினே இருக்கும். எங்கயாவது வெட்டணும்."

ரத்தம் ஏற்றத் தேவையில்லை, காய்ச்சல் அடங்கியதும் சொட்டு மருந்து தொடங்கலாம் என்றார். மூன்று மாதமாவது விடாமல்.

டாக்டரம்மா நகர்ந்ததும் அண்ணி பிளாஸ்க்கைத் திறந்து பால் ஊற்றினார். நான் பாட்டிலை வாங்கி நானே குடித்துவிட்டேன். லால்பேட்டைக்காரி சிரித்துவிட்டாள்.

நவம்பர் 26, புதன்

டிஸ்சார்ஜ். வெயில். ரயிலில் திரும்பினோம்.

எதிர் சீட்டு அம்மாள்: "என்னா கலரு பாப்பா! மாசமா இருந்தப்ப குங்குமப்பூ சாப்ட்டியாம்மா?"

நான்: "இல்லங்க. அவளுக்கு ரத்தம் இல்ல."

ஆலப்பாக்கம் ஸ்டேஷன் வரும்வரை அந்த அம்மாள் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, வெட்கப்பட்டாரா தெரியவில்லை. எதுவானாலும் கவலை இல்லை. இனி யார் நிறத்தைப் பற்றிப் பேசினாலும் இதுதான் பதில்.

டிசம்பர் 1, திங்கள்

ப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது:

1. பால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். பாட்டில் கிடையாது.
2. டீ கிடையாது. கிடையாது.
3. சொட்டு மருந்து காலை 10 மணி, எலுமிச்சைச் சாறு இரண்டு ஸ்பூனோடு. பாலோடு கூடாது.
4. முட்டை, முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல். கொய்யா.

"சளிக்காரப் புள்ளைக்குக் கொய்யாவா? எலுமிச்சம்பழமா? மழக் காலத்துல?" அண்ணி கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "நீ படிச்சவ, செய். நாளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சுன்னா என்னயக் கேக்காத."

"உங்களைக் கேட்கமாட்டேன். என்னைத்தான் கேட்பேன்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மாலை முழுக்க ஜெனி பாட்டிலுக்காக அழுதாள். ஏழு மணிக்கு ஒரு முழு முட்டை சாப்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

மலம் கறுப்பு. எதிர்பார்த்ததுதான், இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் இருக்கும். அண்ணியிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஆனாலும் அண்ணி முகம் செத்துவிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டுக் காட்டினார்.

காஸ் சிலிண்டர் புக் செய்ய.

டிசம்பர் 9, செவ்வாய்

ஏதோ சரியில்லை. லேபில் எந்த மருந்துக் குப்பியைத் திறந்தாலும் தேதி எழுதி, தினமும் மட்டத்துக்கு ஒரு பேனாக் கோடு போடுவோம். அதே பழக்கத்தில் சொட்டு மருந்துக்கும் போட்டு வந்தேன். கோடு ஒழுங்காக இறங்குகிறது. நாள் தவறாமல் அதே அளவு.

ஆனால் மூன்று நாளாக மலம் மஞ்சள்.

மருந்து போகிறது. ஜெனிக்குள் போகவில்லை. அப்படியானால் எங்கே?

டிசம்பர் 10, புதன்

லேபில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாழ்க்கையில் முதல் பொய் லீவு.

அண்ணி பின்கட்டில். கையில் டிராப்பர். சரியாக ஒரு மில்லி உறிஞ்சி, கறிவேப்பிலைத் தொட்டியில் பீய்ச்சினார். அளவில் ஒரு சொட்டு தவறவில்லை, அதற்கு மார்க் போடலாம். நாலைந்து நாளாக மருந்து குடித்தது ஜெனி இல்லை, அந்தச் செடி.

கத்தினேன். எழுத முடியாத வார்த்தைகளும் வந்தன. ஜெனி பயந்து அழுதாள். அண்ணி டிராப்பரைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவுக்கும் அப்பிடித்தான் கறுப்பாப் போச்சு. நாலு நாளு. யாரு கிட்டயும் சொல்லல அவுங்க. அஞ்சாம் நாளு ரத்தமா கக்கி, என் மடியிலயே போயிட்டாங்க. அருளு அப்ப சின்னப் பையன், அவனுக்குத் தெரியாது. கறுப்பப் பாத்தா எனக்குக் கையி ஓடல எஸ்தரு. நீ வெளிய போயிடுற. நான் மட்டுந்தான் அந்தத் துணிய அலசுறேன்."

என் கோபம் போகவில்லை. போனதாக எழுதினால் பொய். ஆனால் அது இருந்த இடத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மாமியார் எப்படிச் செத்தார் என்று கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு வயித்துக்குள்ள புண்ணு இருந்திருக்கும் அண்ணி. ரத்தம் உள்ளேயே கசிஞ்சு கறுத்தது. இது மருந்தோட கலரு" என்றேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும், எது எதுன்னு?"

நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை.

டிசம்பர் 11, வியாழன்

தூறல். அண்ணியையும் ஜெனியையும் லேபுக்கே கூட்டிப்போனேன். லேப் சார் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜெனி விரலில் ஒரு குத்து, என் விரலில் ஒரு குத்து. இரண்டு ஸ்லைடு. சாயம் போட்டு, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் அண்ணி முதலில் இரண்டையும் மூடிக்கொண்டார்.

முதலில் என்னுடையது. "செவப்பா காசு காசா இருக்குது."

பிறகு ஜெனியுடையது. வெகுநேரம் பார்த்தார். சின்னச் சின்ன வளையம், நடுவில் ஒன்றுமில்லை.

"என்னா இது, வெறும் தோலா கெடக்குது?"

"அதான் அண்ணி ஜெனியோட நிறம்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. ஜெனி அவர் முந்தானையை இழுத்தாள், இருமினாள். அப்போதும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மணி பார்க்காமல் சொட்டு மருந்தை எடுத்தார், எலுமிச்சை பிழிந்தார், என் கண்ணெதிரில் ஜெனிக்குக் கொடுத்தார். டிராப்பரில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் கொடுத்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

சமையலறை அலமாரி. ஐந்து பால் பாட்டில், வரிசையாக. ஒன்றில் கடுகு, ஒன்றில் வெந்தயம், ஒன்றில் சோம்பு, மற்ற இரண்டில் மிளகும் சீரகமும்.

மலம் கறுப்பு. இந்த வீட்டில் இதற்குச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்.

டிசம்பர் 27, சனி

கிறிஸ்துமஸ் கேக் மிச்சம், எறும்பு. ஜெனிக்கு மூக்கு ஒழுகல். மூச்சு எண்ணினேன்: முப்பது. மறுபடி: முப்பத்திரண்டு. அண்ணியும் தனியாக எண்ணினார், கடிகாரம் வைத்து. "முப்பத்தொண்ணு. நீ வேல பாக்கப் போ."

டிசம்பர் 30, செவ்வாய்

மூக்கு ஒழுகல் நின்றது. நெபுலைசர் இல்லை. ஊசி இல்லை. நாலே நாள். பெரிதாக எழுதுகிறேன்: நாலே நாள்.

ஜனவரி 13, செவ்வாய்

பனி. ஹெச்.பி. 9.4. ரத்தம் நானே எடுத்தேன், மெஷினில் நானே ஓட்டினேன், நம்பாமல் இரண்டாவது தடவை ஓட்டினேன். 9.4.

இன்னும் போதாது. இரண்டு மாதம் பாக்கி. ஆனால் ஜெனி தெரு முனைவரை ஓடினாள், அண்ணி பின்னால் ஓடினார், செருப்பு ஒன்று சாக்கடையில். சுவரைச் சுரண்டுவது நின்றுவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் ஆள் கேட்டான், அந்தக் குழிகளை மூடவா என்று. ஒன்றை மட்டும் விட்டுவை என்றேன். இருக்கட்டும், எனக்கு.

ஜனவரி 14, புதன்

போகி. விடிகாலையில் பக்கத்து மனையில் டயர் எரித்தார்கள். கறுப்புப் புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு. ஜெனி இரும ஆரம்பித்தாள். சட்டை போட்டுக்கொண்டு பேசப் போகலாம் என்று அருள் சட்டையைத் தேடினார்.

அண்ணி தேடவில்லை. இரண்டு குடம் தண்ணீர், ஒன்றன்பின் ஒன்றாக. புஸ்.

"போகி அன்னைக்கி நெருப்ப அணைக்கலாமா லூர்தும்மா? குடும்பத்துக்கு ஆகாது" என்றார் எரித்தவர்களில் ஒருவர்.

"டயரு எந்த சாமி கேட்டுச்சு? நாலு மாசத்துல மூணு தடவ நெஞ்சு அடச்சிக்கின புள்ள அங்க கெடக்குறா. கிழிஞ்ச பாயி இருந்தா எரி. டயரு எரிச்சே, மூணாவது குடம் ஒந்தலையில."

அருள் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் குடத்தை நிரப்பி வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

மார்ச் 1, ஞாயிறு

ஹெச்.பி. 11.1. சிதம்பரம் டாக்டரம்மாவுக்கு போனில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார், பிறகு "மருந்தை நிறுத்திவிடாதீர்கள்" என்று. நிறுத்துவதா? நிறுத்தினால் என்னை அண்ணி நிறுத்திவிடுவார்.

தவக்காலம். வீட்டில் கறி இல்லை, மீன்கூட அண்ணிக்கு இல்லை. ஜெனிக்கு மட்டும் ஈரல், வாங்கி வருவது அவரே. "கொழந்தைக்கு ஏது தவம்?"

மார்ச் 8, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. ஜெனிக்கு இரண்டு வயது. கேக், வெஜ் பிரியாணி, பலூன் பதினெட்டு, அதில் ஆறை ஜெனியே உடைத்தாள்.

காடாம்புலியூர் சித்தி வந்தார். அருளின் அம்மாவுக்குத் தங்கை, முந்திரிப்பருப்பு இல்லாமல் வரமாட்டார், எந்த வீட்டிலும் ஒரு ராத்திரி தங்கமாட்டார். கூடவே மூன்று வயதுப் பேத்தி. நல்ல வெளுப்பு. வந்ததிலிருந்து லொக் லொக்.

ஜெனியைப் பார்த்ததும் சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கூடம் நிறைய ஆட்கள்.

"என்னாடி இது அநியாயம்! இப்பிடிக் கறுத்துட்டா? ரோசாப்பூவாட்டம் இருந்த புள்ளய வெயில்ல போட்டுட்டீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில், ரயிலில் சொன்ன அதே பதில், தொண்டை வரை வந்தது. அதற்குள் சமையலறையிலிருந்து அண்ணி வந்துவிட்டார். கையில் கரண்டி.

"கறுக்கல சித்தி. ரத்தம் ஊறியிருக்குது. அப்ப இருந்தது நெறம் இல்ல, சீக்கு. நாந்தான் பாலா ஊத்தி ஊத்தி அவள வெளுக்க வெச்சேன். கேட்டுக்குங்க எல்லாரும், நாந்தான்."

ஊற்றியது நீங்கள், ரசித்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை மேஜையில் வைத்தார், முந்தானையில் கையைத் துடைத்தார், மண்டியிட்டு அந்தப் பேத்தியின் தாடையைப் பிடித்தார். கீழ் இமையை மெல்ல இழுத்தார், எத்தனையோ நாள் செய்த வேலை போல.

"எஸ்தரு. இங்க வா."

போய்ப் பார்த்தேன். இட்லி நிறம்.

"எத்தினி பாட்டிலு பாலு குடிக்கிறா சித்தி?" என்றார் அண்ணி.

"அவ நல்லாத்தானே இருக்கா. என்னா நெறம் பாரு அவ..." என்று தொடங்கிய சித்தி பாதியில் நிறுத்திவிட்டார். பேத்தி இருமினாள். சித்தி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஊரில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ஊரில் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். க்ளைமேட் என்பார்கள்.

நாளைக்கு: லேபில் குழந்தைக்கான சின்ன ஊசி எடுத்து வைக்க. சாரிடம் இப்போதே சொல்லிவிட.

மணி எட்டு. சித்தி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பஸ் போய்விட்டது. செருப்பைக் காணவில்லையாம், வாசலெல்லாம் தேடி ஓய்ந்துவிட்டார். அண்ணியிடம் கேட்டேன்.

"காலையில எட்டு மணிக்கு லேபு வாசல்ல கெடைக்கும்னு சொல்லு."